எந்த கார்பன்னு சொல்லுங்க: மூளை எலக்ட்ரோடு செய்யற ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. எங்கப்பாவுக்கு பார்க்கின்சன்ஸ், அதான் கை நடுக்கம் வர்ற நோய், மூளைக்குள்ள கரண்ட் குடுக்கற பிளாட்டினம் இரிடியம் உலோக எலக்ட்ரோடு வெச்சு ஆறு வருஷம் ஆச்சு, கரண்ட் ஆன் பண்ண அன்னைக்கு டம்ளர தளும்பாம பிடிச்சு டீ குடிச்சாரு, அதனால எலக்ட்ரோடே வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. நீங்க அது மேல கார்பன் நானோட்யூப், அதான் கண்ணுக்கே தெரியாத கார்பன் குழாய், பூசறீங்களே, அத பத்தித்தான் கேக்கறேன்.

மூளை தயிர் மாதிரி கொழகொழன்னு இருக்கு, விறைப்பான உலோகம் குத்தி நின்னா சுத்தி தழும்பு கட்டிடுது, நரம்பு பேசறது சரியா கேக்காது. நானோட்யூப் பூசினா மேல்பரப்பு பல மடங்கு கூடி சின்ன முனையிலயே நிறைய சார்ஜ் போகும். 2005ல இத்தாலி திரியெஸ்தேல லாரா பாலரினி, மவுரிசியோ பிராட்டோ குழு நானோட்யூப் விரிச்ச கண்ணாடில எலி நியூரான் வளத்தாங்க, வெறும் கண்ணாடிய விட சிக்னல் அடிக்கடி வந்துச்சு, அத படிச்ச ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல.

ஆனா 2008ல நேச்சர் நானோடெக்னாலஜி பத்திரிகைல ரெண்டு கட்டுரை வந்துச்சே, ஒண்ணு நானோட்யூப் பூசின எலக்ட்ரோடு எலி, குரங்கு மூளை சிக்னல நல்லா பதிவு பண்ணுதுன்னு, இன்னொண்ணு நீளமான நானோட்யூப சுண்டெலி வயித்துக்குள்ள செலுத்தினா புற்றுநோய் வரவைக்கற ஆஸ்பெஸ்டாஸ் நார் மாதிரியே அழற்சி வருதுன்னு. குட்டையா சுருண்டு கிடந்ததுக்கு அப்படி வரல! 2014ல ஐஏஆர்சியும், அதான் உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, ஒரே ஒரு வகை நானோட்யூபத்தான் புற்றுநோய் வரலாம்ங்கற 2பி பட்டியல்ல வெச்சுது, மத்ததுக்கு ஆதாரம் பத்தலன்னு விட்டுடுச்சு.

அதனால "கார்பன்தானே, உடம்பே கார்பன்தானே"ன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. 2024ல மான்செஸ்டர்ல மூளை கட்டி ஆபரேஷன் நடக்கற நேரத்துக்கு மட்டும் கிராபீன், அதான் இன்னொரு வகை கார்பன், மெல்லிசா தாள் மாதிரி இருக்கறது, அதுல செஞ்ச எலக்ட்ரோட வெச்சு பாத்தாங்க, சந்தோஷம், ஆனா அந்த நல்ல பேர வருஷக்கணக்கா உள்ளயே இருக்கப்போற நானோட்யூபுக்கு கடன் வாங்கக்கூடாது. ட்யூப் எவ்வளவு நீளம், உலோகத்து மேலயே வளந்ததா சும்மா பூசினதா, ட்யூப வளக்க போட்ட நிக்கல் இரும்பு கழுவின பிறகு எவ்வளவு மிச்சம், எத்தன கரண்ட் துடிப்பு வரைக்கும் உரியாம நின்னுச்சு, இத நோயாளி கையெழுத்து போடற தாள்லயே எழுதுங்க. அப்பாவோட மிஷின் நொடிக்கு 130 தடவ துடிக்குது, ஒரு நாளைக்கு ஒரு கோடிக்கு மேல, ஒரு வாரம் டெஸ்ட் பண்ணி நல்லாருக்குன்னா அது அவருக்கு என்னத்துக்கு ஆகும்?

காதுக்கு பின்னாடி தோலுக்கடியில ஓடற கம்பிய தடவிகிட்டே "உள்ள இருக்கறது என்ன உலோகம்டா"ன்னு அப்பா கேட்டப்ப என்னால பதில் சொல்ல முடிஞ்சுது. உங்களோடத வெச்சுக்கப்போறவங்க வீட்லயும் யாராவது கேப்பாங்க.