மறதி வந்தால் எல்லாமே போய்விடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளையையும் மனதையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். நரம்பணுக்களைப் பற்றிய பகுதி நல்ல தெளிவு. ஆனால் நினைவாற்றலை ஒரே ஆற்றல் போலவும், அது போனால் எல்லாமே போய்விடும் என்பது போலவும் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நினைவில் பல வகை உண்டு. ஒன்று கெட்டாலும் இன்னொன்று வேலை செய்துகொண்டிருக்கும்.

இதற்கு ஹென்றி மொலெய்சனே சாட்சி. அமெரிக்கரான அவருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953-இல், 27 வயதில், மூளையின் இரண்டு பக்கமும், நினைவைப் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் முன்பகுதியையும் அதை ஒட்டிய பகுதிகளையும் அறுவை செய்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்கப்புறம் நடந்தவை அநேகமாக எதுவுமே அவர் மனதில் தங்கவில்லை. 2008-இல் இறக்கும்வரை அப்படித்தான்.

ஆனாலும் 584 என்ற எண்ணைக் கொடுத்தபோது, அதை மனதுக்குள் உருட்டிக்கொண்டே கால் மணி நேரம் வைத்திருந்தார். கவனம் வேறு பக்கம் திரும்பியதும் எண்ணும் போயிற்று, எண் கொடுத்த சேதியும் போயிற்று. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் வேறொரு சோதனை வைத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். யாருக்கும் முதலில் கை தாறுமாறாகத்தான் போகும். மூன்று நாள் பயிற்சியில் மொலெய்சன் நன்றாகத் தேறிவிட்டார். அந்தப் பயிற்சியைச் செய்ததே அவருக்கு நினைவில்லை!

சம்பவங்களைப் புதிதாகப் பதிய ஹிப்போகாம்பஸ் வேண்டும். கைப்பழக்கத்துக்குச் சிறுமூளையும் வேறு சில பகுதிகளும் போதும். கட்டுரையோடு வந்த மூளைப் படத்தில் ஹிப்போகாம்பஸே இல்லை என்பது வருத்தம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அல்சைமர் என்ற மறதி நோயில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதிகளும்தான். காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்ட பெரியவரின் விரல்களுக்கு, பல வருஷம் பழகிய தையலோ வீணையோ இன்னும் தெரிந்திருக்கலாம். “இவருக்கு இனி ஒன்றும் தெரியாது” என்று முடிவுகட்டி அந்த வேலையையும் அவரிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம்.

நினைவின் வகைகளை விளக்கித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். மறதி நோய் வந்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குப் புரியும்படி அது இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்