படர்தாமரை என்று எண்ணிய வட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து உண்ணிக் காய்ச்சல் குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், உண்ணிக்கடியால் வரும் வேறொரு நோயோடு இரண்டு ஆண்டுகளாக என் மகள் படும் பாட்டை எழுத வேண்டும் என்று தோன்றும். அது லைம் நோய். நம் பக்கத்தில் இல்லாத நோய்க்கு இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற ஊர்களிலும் இன்று தெருவுக்கு ஒரு பிள்ளையாவது அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கிறது. அவர்கள் ஊர் திரும்பும்போது நோயும் கூடவே வந்தால், அதை இனம்காண வேண்டியவர் இங்குள்ள மருத்துவர்தான்.

என் மகள் நான்கு ஆண்டுகள் கனெக்டிகட் மாநிலத்தில் இருந்தாள். அந்த மாநிலத்து லைம் என்ற சிற்றூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பல குழந்தைகளுக்கு மூட்டு வீங்குவதை 1975-ஆம் ஆண்டு தாய்மார்கள் விடாமல் எடுத்துச் சொன்ன பிறகுதான் யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆலன் ஸ்டீர் ஆராயத் தொடங்கினார்; நோய்க்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. மான் உண்ணியிலிருந்த சுருள் வடிவ நுண்கிருமியே காரணம் என்பது 1982-இல் வில்லி பர்க்டோர்பரின் ஆய்வால் உலகுக்குத் தெரிந்தது. கசகசா அளவே இருக்கும் இளம் உண்ணி கடிப்பது பெரும்பாலும் தெரியாது. கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள் பலருக்குத் தோலில் ஒரு வட்டம் தோன்றி, வலியோ பெரிய அரிப்போ இல்லாமல் நாளுக்கு நாள் அகன்றுகொண்டே போகும்.

மருமகனின் வேலை முடிந்து அவர்கள் மதுரைக்கே திரும்பிவந்த வாரத்தில், மகளின் முழங்காலுக்குப் பின்புறம் அப்படியொரு வட்டம் இருந்தது. படர்தாமரை என்று களிம்பு தந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெள்ளைத் தோலில் செக்கச் செவேலென்று தெரியும் அந்த வட்டம் நம் மாநிறத்தில் கன்றிப்போன தழும்புபோல மங்கலாகத்தான் தெரியும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அன்றே சந்தேகப்பட்டிருந்தால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 10 நாட்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். வட்டம் தானாகவே மறைந்தது. நான்கு மாதம் கழித்து முழங்கால் பலாக்காய்போல வீங்கியபோது, சிக்குன்குனியா வந்துபோயிருக்கும் என்றார் ஒருவர்; முடக்குவாதம் என்று மாத்திரை எழுதினார் இன்னொருவர். இத்தனைக்கும் பிறகு, வயதில் இளையவரான ஒரு மருத்துவர்தான், "அமெரிக்காவில் எந்த ஊரில் இருந்தீர்கள், காட்டுப்பக்கம் நடப்பதுண்டா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகே எலைசா, வெஸ்டர்ன் பிளாட் என்ற இரண்டு கட்டச் சோதனைகளுக்கு இரத்தம் போனது, நோய் உறுதியானது.

கேள்வி கேட்பதும் தோலைப் பார்ப்பதும் லைம் நோய்க்கு மட்டும் உரியவை அல்ல. நம் மாவட்டத்தில் ஆடு மேய்ப்பவர்களையும் களையெடுக்கும் பெண்களையும் தாக்கும் உண்ணிக் காய்ச்சலில், பூச்சி கடித்த இடத்தில் பீடி நெருப்புச் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கக்கூடும். அது பெரும்பாலும் அக்குளிலும் அரையிலும் மார்பின் அடியிலுமாக மறைந்திருப்பதால், கூச்சத்தில் பெண்கள் காட்டுவதில்லை, நெரிசலில் மருத்துவரும் பார்ப்பதில்லை. உயிரைப் பறிக்கக்கூடிய அந்தக் காய்ச்சலுக்கும் டாக்ஸிசைக்ளின்தான் முதல் மருந்து என்பதை நினைக்கும்போது, காய்ச்சல் பிரிவில் ஒரு செவிலியர் திரைமறைவில் ஐந்து நிமிடம் செலவழித்துப் பார்ப்பதற்கு ஏற்பாடு இருக்கக் கூடாதா என்று மனம் பதைக்கிறது.

28 நாட்கள் மருந்து சாப்பிட்டதும் மகளின் முழங்கால் வீக்கம் வடிந்தது. நோய் தீர்ந்தது என்றுதான் நம்பினோம். ஆனால் ஓராண்டுக்கு மேலாகியும் உடம்பு வலியும் அசதியும் அவளை விடவில்லை. மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் இரண்டு நாள் படுக்கையாகிவிடுகிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்து நின்றுவிடுகிறாள். முறையாக மருந்து எடுத்தவர்களிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இப்படி ஆறு மாதத்துக்கு மேல் தொல்லை நீடிப்பதுண்டு என்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே ஒப்புக்கொள்கிறது. கிருமியின் எச்சங்கள் உடலில் தங்குவதாலா, நோய் எதிர்ப்பாற்றல் தணியாமல் இருப்பதாலா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். காரணம் தெரியாததால் வலி பொய்யாகிவிடாது. "எல்லாம் மனப்பிரமை, கோயிலுக்குப் போய் வாருங்கள்" என்று ஓர் இடத்தில் சொன்னபோது, என் மகள் வீட்டுக்கு வரும்வரை வாய் திறக்கவில்லை.

இன்னோர் இடத்தில் மூன்று மாதம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினால் சரியாகும் என்று தொகையும் குறித்துக் கொடுத்தார்கள். நகையை அடகு வைக்கவும் நான் துணிந்தேன். எங்களைத் தடுத்தவர் அதே இளம் மருத்துவர். 2001-இல் மார்க் கிளெம்ப்னர் குழுவினர் 129 நோயாளிகளிடமும், 2016-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 280 நோயாளிகளிடமும் நடத்திய சோதனைகளில், பல வாரங்கள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். மாதக்கணக்கில் நரம்பில் குழாய் இருந்தால் இரத்தத்திலேயே கிருமி தொற்றலாம், கடும் வயிற்றுப்போக்கும் வரலாம். குணமான பிறகும், கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் என்பதால், "இன்னும் பாசிட்டிவ்" என்று காகிதத்தைக் காட்டி மருந்தைத் தொடரச் சொல்வதும் தவறு என்றார். பிறகு அவர் தேடிப் பார்த்ததில் மகளுக்கு இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தது. அதைச் சரிசெய்தார். பிசியோதெரபி, ஒழுங்கான தூக்கம், உடம்பு தாங்கும் அளவுக்கு மட்டும் வேலை என்று படிப்படியாகப் போகிறோம். முழுக் குணம் இல்லை. ஆனால் இப்போது காலையில் தானே எழுந்து காப்பி போடுகிறாள்.

நம் வீட்டு நாயிலும் மாட்டிலும் சாதாரணமாகக் காணும் உண்ணிகள் லைம் நோயைப் பரப்புவதில்லை. வாசகர்கள் வீணாக அஞ்ச வேண்டாம். ஆனால் எந்த உண்ணி உடம்பில் ஒட்டினாலும் மண்ணெண்ணெய் ஊற்றாமல், சூடு வைக்காமல், நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுப்பதே சரி. மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், சிக்குன்குனியாவோ லைமோ வேறு தொற்றோ தீர்ந்த பின்னும் வலியும் அசதியும் நீங்காதவர்களுக்கென்று வாரத்தில் ஒரு நாள் தனிப் பிரிவு நடத்துமாறு சுகாதாரத் துறையை வேண்டுகிறேன். 2006-இல் சிக்குன்குனியா வந்து, மாதக்கணக்கில் சுவரைப் பிடித்து நடந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்களுக்கும் அன்று போக இடம் இருக்கவில்லை.

தங்களிடமும் ஒரு விண்ணப்பம். இந்நோய்கள் பற்றிய கட்டுரையோடு படம் வெளியிடும்போது, படர்தாமரையையும் லைம் வட்டத்தையும் உண்ணிக் காய்ச்சல் பொருக்கையும் அருகருகே வைத்து, நம்மைப் போன்ற மாநிறத் தோலில் எடுத்த படங்களாகவே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.