நூறு சிப்பாய்க்கு ஆறு மனைவி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, நான்தான் பதில் போடத் தாமதம். பெரியவனுக்கு வேலை மாற்றலாகி, சாமான் கட்டி இறக்கி முடிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிட்டது. அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பது கேட்டு நிம்மதி.

இப்போது விக்டோரியா மகாராணி காலத்து பிரிட்டிஷ் சிப்பாய்களின் மனைவிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் ராணுவத்தில் இருந்தபோது குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை மாமியார் வீட்டில் காத்துக் கிடந்தவள் நீ, உன்னிடம் சொன்னால்தான் புரியும்.

அங்கே சிப்பாய் கல்யாணம் பண்ணிக்கொள்ள கமாண்டிங் ஆபீசர் அனுமதி வேண்டும். நூறு பேரில் சுமார் ஆறு பேருக்குத்தான் கிடைக்கும், இந்தியாவுக்கு வரும் படையென்றால் பன்னிரண்டு வரை. அனுமதி பெற்றவளுக்கு பாரக்ஸில் இடம் உண்டு. இடம் என்றால் என்ன, ஆண்கள் வரிசையாகப் படுத்திருக்கும் அதே ஹாலில் ஒரு மூலை, கயிறு கட்டிக் கம்பளியைத் தொங்கவிட்டால் அதுதான் வீடு, பிரசவமும் அதற்குப் பின்னால்தான். புருஷனோடு அதே படைப்பிரிவில் இருக்கும் சிப்பாய்களின் துணியைத் துவைத்து நாலு காசு பார்ப்பாள். தனிக் குடியிருப்பு கட்டத் தொடங்கியதே 1850-களில்தான், அதுவும் ஆமை வேகத்தில். அனுமதியில்லாமல் கட்டிக்கொண்டவளுக்கு இந்த மூலைகூடக் கிடையாது. சர்ச்சில் முறைப்படி நடந்த கல்யாணமானாலும் ராணுவக் கணக்கில் அப்படியொருத்தியே இல்லை.

படை வெளிநாடு கிளம்பும்போது அனுமதி பெற்றவர்களிலும் சிலரைத்தான் கப்பலேற்றுவார்கள். யாரை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள், செல்வி! தொப்பிக்குள் துண்டுக் காகிதங்கள், சிலவற்றில் ‘போகலாம்’, மற்றதில் ‘போகக்கூடாது’. பல சமயம் கப்பல் கிளம்பும் தறுவாயில்தான் இது நடக்கும். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி அந்த மடிப்பைப் பிரிப்பதை நினைத்துப் பார். ‘கூடாது’ என்று வந்தால் அம்மா வீடு, அதுவும் இல்லையென்றால் ஏழைகள் விடுதி. நாளைக்கு ஒரு ஷில்லிங் சம்பளத்தில் பிடித்தம் போக அவன் எதை அனுப்புவான்?

1854-ல் சீட்டு விழுந்து கிரிமியாப் போருக்குப் போனவர்கள் மட்டும் சுகப்பட்டார்களா என்ன. துருக்கியில் ஸ்குடாரி ராணுவ ஆஸ்பத்திரியில் நைட்டிங்கேல் விளக்கேந்திய கதையைப் பள்ளியில் படித்தோம் இல்லையா, அங்கேயே அடித்தளத்தில் ஈரத்திலும் நாற்றத்திலும் கந்தலைத் திரையாகக் கட்டிக்கொண்டு சிப்பாய்களின் மனைவிகளும் விதவைகளும் கிடந்ததை எந்த டீச்சரும் சொல்லவில்லை. உதவ வந்த லேடி அலீசியா பிளாக்வுட்டை நைட்டிங்கேல் இவர்களிடம்தான் அனுப்பினார்.

புருஷன் செத்துச் சில வாரத்திலேயே அதே படையில் இன்னொருவனைக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. இதைப் படித்துவிட்டு முகம் சுளிப்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். இந்தியாவில் விதவையானால் சில மாதத்தில் ரேஷன் நின்றுவிடும், ஊருக்குத் திரும்ப பல மாதக் கடல் பயணம், கையில் பிள்ளைகள். துக்கம் கொண்டாட அவளுக்கு யார் படியளந்தார்கள்? 1854-ல் தேசபக்த நிதி என்று ஒன்று திரட்டி விதவைகளுக்குக் கொடுத்தார்கள், ஆனால் நடத்தை சரியில்லை என்று பட்டால் நிறுத்திவிடுவார்கள். சாதாரண சிப்பாயின் விதவைக்கு அரசாங்கமே பென்ஷன் கொடுத்தது 1901-ல்தான், அதுவும் அனுமதி பெற்றுக் கட்டியவளுக்கு மட்டும். ராணியம்மாவே அந்த ஜனவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்னொரு அநியாயம். 1864-ல் ஒரு சட்டம் போட்டு, படை முகாம் உள்ள ஊர்களில் சந்தேகப்பட்ட பெண்ணைப் பிடித்துப் பால்வினை நோய்ப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள், ஆண்களுக்கு அது கிடையாது. பெண்ணுரிமைக்காகக் குரல் கொடுத்த ஜோசபின் பட்லர் வருஷக்கணக்காகப் போராடி 1886-ல் அதை ரத்து செய்ய வைத்தார்.

ஊட்டி லவ்டேலில் பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறதே, அது 1858-ல் பிரிட்டிஷ் சிப்பாய்களின் அனாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதுதான்.

சரி, அண்ணனிடம் ஒன்று கேட்டு எழுது. எங்கள் தெருவில் ஒரு மாமிக்கு, அவரும் ராணுவக்காரர் மனைவிதான், குடும்பப் பென்ஷன் காகிதத்தில் பெயர் தப்பாக விழுந்து மாதக்கணக்காக அலைகிறார். முதலில் எங்கே எழுதிப் போட வேண்டும், என்னென்ன காகிதம் வைக்க வேண்டும்?

அன்புடன்,
வசந்தி