மூங்கில் எழுத்தைப் படமெடுக்க மிண்டோரோவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

பிலிப்பைன்சின் மிண்டோரோ தீவில் ஹனுனோ மங்யான் மக்கள் கத்தி முனையால் மூங்கிலில் கீறி எழுதுகிறார்கள். அவர்களுடைய எழுத்தும் புஹிட், தக்பன்வா, பலாவன் எழுத்துகளும் 1999இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. நீங்கள் எடுத்துவரும் படத்தை வைத்து அந்த எழுத்தை வாசிக்க முடிய வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். நான்கு எழுத்தை மட்டும் நெருக்கத்தில் காட்டும் படம் கண்ணுக்கு இனிது, வாசிப்பவருக்கு உதவாது.

காரணம் எழுத்துமுறையிலேயே இருக்கிறது. மரபுவழி எழுதும்போது அசையின் முடிவில் வரும் மெய்யை விட்டுவிடுவார்கள். புள்ளியில்லாத ஓலைச்சுவடியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தச் சிரமம் தெரியும். விடுபட்ட மெய்யை வரியின் போக்கை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். மங்யான் மக்களின் மரபுப் பாடலான அம்பாஹனில் வரிக்கு ஏழு அசை, வரியீறுகளில் இயைபு. படத்தின் ஓரம் ஐந்தாம் அசையில் வெட்டிவிட்டால் அந்தக் கணக்கே போயிற்று. ஆகவே முதலில் முழு மூங்கிலையும் மில்லிமீட்டர் அளவுகோலோடு எடுங்கள். எழுத்து தொடங்கும் முனையில் ஒரு குறிச்சீட்டு வையுங்கள். மூங்கில் உருண்டை என்பதால் ஓரங்கள் குவியத்துக்கு வெளியே போகும். 30 பாகைக்கு ஒருமுறை திருப்பி 12 படம் எடுத்தால் எந்த எழுத்தும் தப்பாது. முக்காலி, 100 மிமீ மேக்ரோ லென்ஸ், எஃப்/8 முதல் எஃப்/11 வரை, ஐஎஸ்ஓ 100, ரா கோப்பு போதும்.

வெளிச்சத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். கேமராவின் ஃபிளாஷ் நேராக அடித்தால் மூங்கில் தோல் பளபளக்கும், கீறல் மறையும். சிறிய எல்இடி விளக்கைப் பரப்புக்கு 15 முதல் 20 பாகைச் சாய்வில் பிடியுங்கள். ஒளி வரும் திசையிலேயே ஓடும் கீறலுக்கு நிழல் விழாது. கேமராவை அசைக்காமல் நான்கு பக்கத்திலிருந்தும் ஒளியிட்டு நான்கு படம் எடுக்க வேண்டியது அதனால்தான். எழுத்தின் மேலே ஒரு சிறு கோடு இருந்தால் இகரம், கீழே இருந்தால் உகரம், ஒன்றுமில்லையென்றால் அகரம். அந்தக் கோடு சில மில்லிமீட்டர்தான். கறையைக் கோடு என்று எண்ணினால் சொல்லே மாறிவிடும். நான்கு படங்களையும் ஒப்பிட்டால் கீறலின் நிழல் இடம் மாறும், கறை அப்படியே நிற்கும். மூங்கில் வெடிப்பு நாரின் போக்கிலேயே நீளும். நாரைக் குறுக்கே வெட்டியிருந்தால் அது பெரும்பாலும் கத்தியின் வேலை.

எழுத்து தெளிவாகத் தெரியட்டுமே என்று சுண்ணப்பொடியோ மாவோ தடவாதீர்கள். கீறலுக்குள் புகுந்த பொடி முழுதாக வெளியே வராது. தண்ணீரும் வேண்டாம்.

எழுத்தில் இல்லாத மெய் குரலில் இருக்கிறது. எழுதியவரையோ பாடத் தெரிந்த மூத்தவரையோ வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒலிக்கோப்புக்கும் படத்துக்கும் ஒரே எண் கொடுங்கள். இதற்கெல்லாம் முன்பு ஊராரின் இசைவு வேண்டும்: பிலிப்பைன்சின் 1997ஆம் ஆண்டுப் பழங்குடி உரிமைச் சட்டம் முன்கூட்டியே விளக்கிப் பெறும் இசைவைக் கோருகிறது. காதலுக்காக எழுதிய பாடலைப் பொதுவில் வைக்கலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். படங்களின் அச்சுப் பிரதியை, எண்ணோடு, அந்த ஊரிலேயே ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
ஆவணப் படப்பதிவில் ஈடுபட்டிருப்போர்