செயலாளரின் ஆண்டறிக்கை: கப்பல் தேடிப் போய்க் குழல் பார்த்த வருடம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த மழையிலும் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் இந்த ஆண்டுக்கான பொருளாகக் கடலையும் கப்பலையும் எடுத்துக்கொண்டோம். கப்பல் என்று தொடங்கியவர்கள் பீரங்கியில் போய் நின்றதேன் என்று இரண்டு மூன்று பேர் கேட்டீர்கள். பார்ப்பதற்குக் கப்பல் இல்லை, அதுதான் காரணம். இரண்டு உலகப் போர்களிலும் பிரித்தானியக் கடற்படை நம்பியிருந்த பெரும் போர்க்கப்பல்களில் ஒன்றைக்கூட இந்த நாடு வைத்திருக்கவில்லை. வார்ஸ்பைட் 1947இல் உடைக்கக் கொண்டுபோகும் வழியில் கோர்ன்வாலில் கரைதட்டியது. அந்த வகையில் கடைசியாக மிஞ்சிய வான்கார்ட் 1960இல் பழைய இரும்புக்குப் போனது. தேம்ஸில் நிற்கும் பெல்பாஸ்டை நம் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருப்பார்கள். அது குரூஸர் வகை, அதன் பீரங்கி 6 அங்குலம்தான்.

முதல் கூட்டம் எம்டனைப் பற்றியது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தாங்கிகளை எரித்துவிட்டுப் போன அந்த ஜெர்மன் கப்பலால் "ஆள் ஒரு எம்டன்" என்ற பேச்சே நமக்கு வந்தது. அவ்வளவு பேர் வாங்கிய கப்பலின் பீரங்கி வாய் 10.5 சென்டிமீட்டர்தான் என்று பேச்சாளர் சொன்னபோது சபையில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்தது. அதில் ஒரு பீரங்கி சிட்னி ஹைட் பார்க்கில் நிற்கிறது. அடுத்த கூட்டம் மண்டபத்தின் கொதிகலன் பழுதால் நடக்கவில்லை. அதை விட்டுவிடுவோம்.

இனி லண்டன் லாம்பெத்தில் இருக்கும் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்குப் போன பயணம். வான் ஒன்று பேசி முற்பணமும் கட்டியிருந்தோம். காலை எட்டரைக்கு அழைத்து, வண்டி வராது என்றார்கள். முற்பணம் திரும்பிவர நாலு மாதமும் பதினொரு தொலைபேசி அழைப்பும் ஆயின. 23 பேரும் பேக்கர்லூ ரயிலில் ஏறினோம். எங்கள் சாப்பாட்டுக்கான றோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்த அக்காவுக்கு என் தனிப்பட்ட நன்றி.

இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் முன்புறத்தில் நிற்கும் இரண்டு 15 அங்குலப் பீரங்கிகளை 1968இல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் 100 தொன், நீளம் 16 மீட்டருக்கு மேல். ஒரு குண்டின் எடை 870 கிலோவுக்குக் கிட்ட. அது போய் விழும் தூரம் ஏறத்தாழ 26 கிலோமீட்டர். எங்கள் ரயில் வந்த வழியே திருப்பிச் சுட்டால் ஹாரோவைத் தாண்டிப் போய் விழும் என்று ஒரு தம்பி கணக்குப் போட்டுக் காட்டினார். பிள்ளைகளுக்கு அதில்தான் ஆர்வம்.

எனக்கு ஆர்வம் வேறு. குண்டைத் தள்ளும் கோர்டைட் மருந்து ஒரு வெடிக்கு 190 கிலோவுக்கு மேல் போகும். அதை நாலு பட்டுப் பைகளில் கட்டி உள்ளே தள்ளினார்கள். பட்டு மிச்சமில்லாமல் எரிந்துவிடும். சாதாரணத் துணியானால் தணல் உள்ளே தங்கி, அடுத்த மருந்துப் பையைக் கதவு மூடும் முன்பே பற்றவைத்துவிடலாம். இதைச் சொன்னதும் புடவைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர், "ஒரு வெடிக்கு எத்தனை கூறைச்சேலை போயிருக்கும்?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை.

இரண்டு குழலும் ஒரே கப்பலிலிருந்து வந்தவை என்று நான் பல வருடமாக நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒன்று 1916 முதல் 1941 வரை ராமிலீஸ் என்ற கப்பலில் இருந்தது. மற்றது 1915 முதல் 1938 வரை ரெசல்யூஷனில் இருந்து, கழற்றிப் புதுப்பிக்கப்பட்டு, பிறகு ராபர்ட்ஸ் என்ற கரைதாக்கும் கப்பலில் ஏறி, 1944 ஜூனில் நோர்மண்டிக் கரையை நோக்கிச் சுட்டது. கப்பலுக்கு ஒரு வாழ்க்கை, குழலுக்கு வேறொரு வாழ்க்கை. சுடச் சுட, குண்டைச் சுழற்றிவிடும் உட்புறத் திருகுவரைகள் தேய்ந்துபோகும். முழு மருந்தோடு சுமார் 335 வெடிதான் ஒரு குழலின் ஆயுள். பிறகு கழற்றி, உட்குழாயை மாற்றி, கிடங்கில் வைத்து, தேவைப்படும் கப்பலுக்குக் கொடுப்பார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் செய்த 186 குழல்களை வைத்தே இரண்டாம் போரையும் சமாளித்தார்கள். 1946இல் சேவைக்கு வந்த வான்கார்ட் சுமந்த பீரங்கிக் கூடுகள் முதல் போரின்போது கரேஜஸ், குளோரியஸ் கப்பல்களுக்காகச் செய்தவை. கல்யாணப் பெண் புதிது, நகை இரவல்.

இங்கேதான் எனக்குச் சங்கடம் வந்தது. நம்மில் மூத்தவர், திருகோணமலைக்காரர், பீரங்கியின் விளக்கப் பலகையில் ராமிலீஸ் என்ற பெயரைப் பார்த்ததும் குழலின் அடியில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவருடைய தகப்பனார் டொக்யார்ட்டில் வேலை செய்தவர். 1942இல் அந்தக் கப்பலைத் துறைமுகத்தில் கண்ட கதையை மகனுக்குப் பலதடவை சொல்லியிருக்கிறார். "என்ரை ஐயா பார்த்த குழல் தம்பி இது" என்றார். ராமிலீஸும் ரெசல்யூஷனும் அந்த ஆண்டு இலங்கையை ஒட்டி இயங்கிய கிழக்குக் கடற்படையில் இருந்தது உண்மை. ஆனால் இந்தக் குழலை 1941இலேயே கழற்றிவிட்டார்கள் என்று அதே பலகை சொல்கிறது. மற்றதைக் கழற்றியது அதற்கும் மூன்று வருடம் முன்பு. 1942இல் அந்தக் கப்பல்களில் இருந்தவை வேறு குழல்கள்.

சொல்வதா விடுவதா என்று பக்கத்தில் இருக்கும் திபெத்திய சமாதானத் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் விடச் சொன்னார், மற்றவர் கட்டாயம் சொல்லச் சொன்னார். திரும்பும் ரயிலில் சொன்னேன். பெரியவர் பாடிங்டன் வரை பேசவில்லை. அப்புறம், "சரி, அப்ப ஐயா பார்த்த குழல் எங்கை?" என்றார். ராமிலீஸை 1948இல் ஸ்கொட்லாந்தின் கேர்ன்ரையானுக்கு உடைக்கக் கொண்டுபோனார்கள் என்றேன். தலையை ஆட்டினார்.

அந்தக் கேள்வியால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறது. திருகோணமலைத் துறைமுகம் பற்றி வீட்டில் கேட்ட கதைகளை நாம் ஒலிப்பதிவு செய்கிறோம். இதுவரை மூன்று பேர் பேசியிருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் யார் சொன்னது, எந்த ஆண்டைப் பற்றியது என்று கேட்டு எழுதுகிறோம். பீரங்கிக் குழலில் எண் வெட்டி வைத்தார்கள், அதனால் எது எந்தக் கப்பலில் எப்போது இருந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. நம் வீட்டு அல்பங்களில் படத்தின் பின்புறம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

பழைய பீரங்கிகளைப் பேணுவது பற்றிய சூம் கூட்டத்துக்கு நோர்வேயிலிருந்து ஓர் உறுப்பினரின் தம்பி வந்தார். ஹார்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ட்ரொண்டெனெஸ் என்ற இடத்தில் 40.6 சென்டிமீட்டர் ஜெர்மன் பீரங்கிகள் நாலு இருக்கின்றன. கட்டி முடிக்கப்படாத பெரும் போர்க்கப்பல்களுக்காகச் செய்த வகை அது. கப்பல் வரவில்லை, பீரங்கி கரையில் குடியேறிவிட்டது. இடம் இராணுவப் பகுதி என்பதால் வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாமாம்.

அமெரிக்கக் கதையைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. மிசூரி கப்பலில் 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டபோது இருந்த 16 அங்குலக் குழல்களில் சில, பின்னாளில் கழற்றப்பட்டு வெர்ஜினியாவில் கடற்படைக் கிடங்கு ஒன்றில் கிடந்தன. பழைய இரும்பாகப் போகவிருந்த அவற்றில் ஒன்றை, டெலவேரில் மைல்ஸ் கோட்டையைப் பராமரிக்கும் உள்ளூர்ச் சங்கத்தார் பணம் சேர்த்து 2012இல் கொண்டுவந்து சேர்த்தார்கள். எடை 120 தொன் அளவு, நீளம் 20 மீட்டர். நாமோ ஒரு வானைக்கூட லாம்பெத்துக்குக் கொண்டுபோக முடியாதவர்கள்.

கொண்டுவந்து வைத்தால் மட்டும் போதாது. இவ்வளவு தடித்த உருக்கை எது தின்னும் என்று தோன்றும். மழைத்தண்ணீர் தின்னும். வாய்க்குள்ளும் பின்கதவின் இடுக்குகளிலும் தண்ணீர் தேங்கினால் துரு உள்ளிருந்து வரும், வெளிப்பூச்சு மட்டும் அழகாக இருக்கும். வாயை அடைக்க வேண்டும், தண்ணீர் வடிய வழி விட வேண்டும், துருவைச் சுரண்டி மறுபடி பூச வேண்டும். வருடா வருடம் செலவு. திறப்பு விழாவுக்குப் பணம் கொடுப்பவர்கள் பூச்சுக்குக் கொடுப்பதில்லை என்பது நம் மண்டபக் கூரை விஷயத்தில் நாமே கண்டதுதான்.

லாம்பெத்தில் நிற்கும் வகையைச் சேர்ந்த ஆறு பீரங்கிகளோடு ரிபல்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் 1941 டிசம்பர் 10 அன்று மலேசியாவின் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கியது. அது நூற்றுக்கணக்கானோரின் கல்லறை. 2023 மே மாதம் மலேசிய அதிகாரிகள் சீனக் கப்பல் ஒன்றைத் தடுத்து வைத்தார்கள். அதில் பழைய குண்டுகளும் துருப்பிடித்த இரும்பும் இருந்தன. ரிபல்ஸையும் கூடவே மூழ்கிய பிரின்ஸ் ஒஃப் வேல்ஸையும் இரும்புக்காகச் சூறையாடுவது பற்றி அப்போது பத்திரிகைகள் நிறைய எழுதின. இதைப் பேசிய கூட்டத்தில், பீரங்கி ஆளைக் கொல்லும் பொருள், அதைப் பூசி மினுக்குவதேன் என்று ஓர் உறுப்பினர் கோபப்பட்டார். ஷெல்லடிக்குள் வளர்ந்தவர் அவர். கேட்க அவருக்கு உரிமை உண்டு. பதிலை நான் இங்கே எழுதவில்லை. அடுத்த ஆண்டு முதல் கூட்டத்தில் அவரையே பேச அழைத்திருக்கிறோம், ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மிச்சம் நிர்வாக விஷயங்கள். சந்தா உயர்த்தும் யோசனையைச் செயற்குழு கைவிட்டது. புத்தக அலுமாரியின் திறப்பு இன்னும் கிடைக்கவில்லை, வைத்திருப்பவர் யாரானாலும் தேநீர் வேளையில் என்னிடம் பேசாமல் தந்துவிடலாம். போர்ட்ஸ்மவுத்துக்குப் பக்கத்திலுள்ள நெல்சன் கோட்டைக்கு வரும் கோடையில் போக எண்ணம், இந்தமுறை ரயிலில்தான். பெயர் தர விரும்புவோர் வாசலில் இருக்கும் தாளில் எழுதுங்கள். வருகிறவர்கள் தொகையைத் தெரிந்துகொண்டுதான் றோல்ஸ் சொல்ல வேண்டும்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். திரும்பி வந்த வான் முற்பணம் அதில் வரவாகக் காட்டப்பட்டிருக்கிறது.

செயலாளர்