விலகும் வழியும் உங்கள் பொறுப்பே: மின்னஞ்சல் சேவை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சொந்த டொமைன்களுக்கு மின்னஞ்சல் சேவை வழங்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சிறு நிறுவனங்கள், சங்கங்கள், தனியாகத் தொழில் நடத்துவோர் எனப் பலருடைய டொமைன்களையும் (அவர்களது சொந்த இணையப் பெயர்களையும்) அவற்றின் மின்னஞ்சலையும் பராமரிப்பது என் தொழில். ஒரு சேவையிலிருந்து மற்றொன்றுக்கு மின்னஞ்சலை மாற்றித் தருவது அதில் அடிக்கடி வரும் பணி. வாடிக்கையாளர் உங்களிடம் வந்து சேர்வதற்கான வழியை மிகுந்த அக்கறையோடு அமைத்திருக்கிறீர்கள். அவர் உங்களை விட்டு விலகும் வழியிலும் அந்த அக்கறையைக் காட்ட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

சொந்த டொமைனில் முகவரி வைத்துக்கொள்வதன் முதல் பயனே, சேவை நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாது என்பதுதான். ஒரு டொமைனுக்கு வரும் அஞ்சலை எந்தச் சர்வர் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதை அந்த டொமைனின் டிஎன்எஸ்ஸில் (இணையத்தின் பொது முகவரிப் பட்டியலில்) அறிவிக்கும் எம்எக்ஸ் பதிவு 1986இலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. ஆகவே, கொள்கையளவில் இடமாற்றம் என்பது அந்தப் பதிவைத் திருத்தும் வேலை மட்டுமே. ஒரு பதிவை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் அளவு 86400 வினாடி என்றிருந்தால், அதை முந்தைய நாளே 300 ஆகக் குறைத்து வைத்துவிட்டால், மாற்றம் சில நிமிடங்களில் பரவத் தொடங்கிவிடும். இடையில் ஒரு சர்வர் பதில் தராமல் போனாலும், அனுப்பும் சர்வர் அஞ்சலை வரிசையில் வைத்திருந்து நான்கைந்து நாளாவது மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்றே அஞ்சலை அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறை கூறுகிறது. நெறிமுறைகள் இவ்வளவு பொறுமையோடு வகுக்கப்பட்டிருந்தும் இடமாற்றத்தில் அஞ்சல் தொலைகிறது என்றால், பெரும்பாலும் அதற்குக் காரணம் உங்கள் அமைப்புகளுக்குள்தான் இருக்கிறது.

அவற்றுள் மிகவும் மோசமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சங்கத்தின் மின்னஞ்சலைப் புதிய சேவைக்கு மாற்றினோம். எம்எக்ஸ் பதிவு எங்கும் சரியாகப் பரவியிருந்தது. சோதனை அஞ்சல்கள் எல்லாம் வந்தன. உறுப்பினர்களின் கடிதங்களும் வந்தன. ஆனால், சங்கத்தின் தணிக்கையாளர் அனுப்பியவை மட்டும் வரவில்லை. அவருக்கும் 'சென்று சேரவில்லை' என்ற அறிவிப்பு எதுவும் திரும்பவில்லை. காரணம் இதுதான்: தணிக்கையாளரின் அலுவலகமும் நாங்கள் விட்டு வந்த அதே நிறுவனத்தின் வாடிக்கையாளர். அந்த நிறுவனத்தின் சர்வர், எங்கள் டொமைன் இன்னும் தன்னிடமே இருப்பதாக எண்ணி, எம்எக்ஸ் பதிவைப் பார்க்காமலேயே அஞ்சலைப் பழைய பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவருக்கு வரும் கடிதங்களைப் பூட்டிய அறைக்குள் தள்ளிவிட்டு, 'பட்டுவாடா ஆயிற்று' என்று எழுதி வைப்பதைப் போன்றது இது. பழைய பெட்டியை நாங்கள் இன்னும் திறந்து பார்க்க முடிந்ததால் கடிதங்கள் கிடைத்தன. கணக்கை அதற்குள் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே விருப்பமில்லை.

இதைத் தவிர்ப்பது கடினமன்று. சில நிறுவனங்களின் கட்டுப்பாட்டுப் பலகத்தில், ஒரு டொமைனின் அஞ்சல் உள்ளூர்ச் சர்வருக்கா, வெளிச் சர்வருக்கா என்று தேர்ந்தெடுக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அந்த வசதி இல்லாதவர்கள், தங்களிடம் பதிந்துள்ள ஒவ்வொரு டொமைனின் எம்எக்ஸ் பதிவையும் நாள்தோறும் ஒருமுறை சரிபார்த்து, அது வேறிடத்தைக் காட்டினால் உள்ளூர்ப் பட்டுவாடாவை நிறுத்திவிட்டு வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கலாம். பெட்டியை அழிக்க வேண்டியதில்லை. புதிய அஞ்சல் அதில் விழாமல் இருந்தால் போதும்.

அடுத்து, வெளியே செல்லும் அஞ்சல். இதில் வாடிக்கையாளரை வரவேற்கும் புதிய நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் அமைவு வழிகாட்டிகள், டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று டிஎன்எஸ்ஸில் அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்காமலேயே, 'இந்த வரியைச் சேருங்கள்' என்கின்றன. சொன்னபடி சேர்த்தவரின் டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள் ஆகிவிடுகின்றன. அப்படி இருந்தால் இரண்டுமே செல்லாது என்பதை நீங்கள் அறிவீர்கள், அவர் அறியமாட்டார். ஒரே பதிவாக இணைத்தாலும், அதைச் சரிபார்க்கையில் டிஎன்எஸ் தேடல்கள் 10க்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு வேறு இருக்கிறது. பழைய சேவை, புதிய சேவை, செய்திமடல் அனுப்பும் சேவை, ரசீது அனுப்பும் மென்பொருள் என்று சேர்த்துக்கொண்டே போனால் அந்த வரம்பு எளிதில் தாண்டிவிடும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புநர்களுக்கான விதிகளை இறுக்கியுள்ள நிலையில், இந்தப் பதிவுகளில் நேரும் பிழை அஞ்சலை ஸ்பேம் பெட்டிக்கோ நிராகரிப்புக்கோ கொண்டுசென்றுவிடும்.

அஞ்சலில் இடப்படும் மின்னணுக் கையொப்பமான டிகேஐஎம் விஷயத்தில் இன்னொரு சிக்கல். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி, டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி என்ற உரைப் பதிவாக இடப்படுகிறது. அந்தப் பதிவின் ஒரு சரத்தில் (எழுத்துத் தொடரில்) 255 பைட்டுகளுக்கு மேல் அடங்காது. 2048 பிட் சாவியோ அதைவிட நீளமானது. அதை இரண்டு துண்டாக்கித்தான் இட வேண்டும். சில டிஎன்எஸ் பலகங்கள் தாமாகவே பிரித்துக்கொள்கின்றன. சில, மீதியை ஓசையில்லாமல் வெட்டிவிட்டு 'சேமிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் காட்டுகின்றன. (அந்தப் பச்சை எழுத்தை நான் நம்புவதை விட்டுப் பல காலம் ஆகிறது.) பதிவு முழுமையாக வந்ததா என்று டிஎன்எஸ்ஸில் படித்துப் பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் புதிய நிறுவனம் ஏற்க வேண்டும். பழைய நிறுவனம், சாவியை சிநேம் பதிவு (ஒரு பெயரை வேறொரு பெயருக்குத் திருப்பிவிடும் டிஎன்எஸ் பதிவு) வழியாகத் தன் பக்கத்தில் வைத்திருந்தால், கணக்கு மூடப்பட்ட அன்றே அதை நீக்கிவிடக் கூடாது. ஏற்கெனவே கையொப்பமிடப்பட்டு இன்னும் வரிசையில் நிற்கும் அஞ்சல்கள் அந்தச் சாவியை நம்பியே இருக்கின்றன.

பழைய அஞ்சல்களைப் பெயர்ப்பதில் சர்வரிலுள்ள அஞ்சலைப் படிக்கவும் நகலெடுக்கவும் உதவும் ஐமேப் என்ற பொது நெறிமுறை இருப்பது பெரும் வசதி. ஆயினும் சிலர் விலை குறைந்த திட்டங்களில் அதை மூடி வைக்கிறார்கள். சிலர் அறிவிக்காமலேயே வேகத்தைக் குறைக்கிறார்கள். வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூகுள் தன் வொர்க்ஸ்பேஸ் சேவையில் ஐமேப் வழியே ஒரு நாளைக்கு 2500 எம்பி வரை பதிவிறக்கலாம் என்று வெளிப்படையாகக் கூறியிருக்கிறது. அது தெரிந்தால், 30 ஜிபி நிரம்பிய ஒரு பெட்டிக்குக் குறைந்தது 12 நாள் ஆகும் என்று முன்கூட்டியே திட்டமிடலாம். தெரியாவிட்டால், பாதியில் நின்றுபோன நகலை முன்னால் வைத்துக்கொண்டு, கோளாறு எந்தப் பக்கம் என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இறக்குமதிக் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐமேப்பில் அஞ்சல் வந்து சேர்ந்த தேதியையும் படித்தது, படிக்காதது என்ற குறிகளையும் அப்படியே கொண்டுசெல்ல முடியும். உங்கள் கருவி அதைச் செய்யாததால், பல ஆண்டுக் கடிதங்கள் அனைத்தும் இடமாற்றம் நடந்த நாளில் வந்தவையாகப் பட்டியலில் நிற்கின்றன.

அஞ்சல் மட்டுமே வாடிக்கையாளரின் உடைமை அன்று. மாற்றுப்பெயர் முகவரிகள், முன்னனுப்பல் விதிகள், வடிகட்டிகள் ஆகியவை ஐமேப் வழியே வருவதில்லை. யாரோ என்றோ உருவாக்கிய ஒரு மாற்றுப்பெயர் புதிய இடத்தில் விடுபட்டுப்போனால், அதற்கு எழுதுபவருக்கு 'இப்படி ஒரு முகவரி இல்லை' என்ற பதிலே கிடைக்கும். இவற்றின் பட்டியலைக் கோப்பாக இறக்கித் தருவதில் உங்களுக்கு எந்தச் செலவும் இல்லை. வடிகட்டிகளுக்கென்று சீவ் என்ற பொது மொழியே இருக்கிறது.

டொமைனை ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கு, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகேன் விதித்த நடைமுறை உண்டு: உரிமையாளர் கேட்டால், மாற்றத்துக்கான குறியீட்டை 5 நாளுக்குள் தர வேண்டும். மின்னஞ்சல் இடமாற்றத்துக்கு அப்படி ஒரு பொது விதி இல்லாததால், அதை நீங்களே வகுத்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கணக்கை முடித்துக்கொள்வதாக வாடிக்கையாளர் சொன்ன நாளிலிருந்து 30 நாள்களுக்கு, புதிய அஞ்சல் ஏற்காத, ஆனால் பழையவற்றைப் படிக்கவும் நகலெடுக்கவும் இடம் தருகிற நிலையில் பெட்டி இருக்கட்டும். அதற்குக் கட்டணம் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால், அந்தத் தொகையைச் சேரும்போதே தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
டொமைன்களைப் பராமரிக்கும் ஒருவர்