ஜாக்கைக் கழற்றி வைம்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனான். போனில் பேசலாம் என்றால் நீ மூன்று வாரமாக எடுப்பதில்லை. "வேலை அதிகம், அப்புறம் பேசுகிறேன்" என்று ஒரு வரி மட்டும் வருகிறது. வேலை இருக்கும், தெரியும். பகலெல்லாம் ஆபீஸ், ராத்திரி ரிகர்சல், சனிக்கிழமையானால் மேடை. அதனால்தான் கடிதம். நேரம் கிடைக்கும்போது படி.

வருகிற சனிக்கிழமை உங்களுக்கு நிகழ்ச்சி இருக்கிறதாமே. மறப்பதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். சவுண்ட் செக் முடிந்ததும் பேஸ் கிட்டாரிலிருந்து கேபிளின் ஜாக்கைக் கழற்றி வை. உள்ளே இருக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரிக்கு அந்த ஜாக்தான் சுவிட்ச். அது செருகியிருக்கும் வரை நீ வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் பேட்டரி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒரே நாளில் தீர்ந்துவிடாது, சரி. ஆனால் பழைய பேட்டரியாக இருந்தால் நடுப்பாட்டில் ஒலி உடைந்து கரகரக்கும். போன தடவை அது வெகு நேரம் ஸ்டாண்டில் செருகியபடியே நின்றது. நான்தான் போய்க் கழற்றினேன்.

அன்றைக்கு நான் நாலரை மணிக்கே வந்து நின்றது உனக்குப் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று இன்னும் தெரியவில்லை. ஆம்ப் தூக்க ஒரு கை கூடுதலாக இருக்கட்டும் என்றுதான் வந்தேன். பார்க்க வருகிறவர்கள் விளக்கு போட்ட பிறகு வருகிறார்கள். அதற்கு முந்தைய அந்த நாலு மணி நேரத்தை நான் ஒரு பார்வையாளனாகப் பார்த்தது அன்றுதான். மூன்று குழுக்கள். கடைசியில் வாசிக்கிறவர்களுக்கு முதல் சவுண்ட் செக், முதலில் வாசிக்கிற உங்களுக்குக் கடைசி. அப்படிச் செய்தால்தான் உங்கள் சாமான்கள் மேடையிலேயே தயாராக நிற்கும் என்பது நியாயம்தான். ஆனால் முன்னால் போனவர்கள் கிக் டிரம்முக்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். டும், டும், டும் என்று அதே ஒலி. உங்களுக்கு மிஞ்சியது பத்து நிமிடம். அதையும் யாரும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டீர்கள். அந்த இடத்தில் உன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். "மானிட்டரில் என் பேஸ் வேண்டாம், கிக் மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள்" என்று நிதானமாகக் கேட்டாயே, பத்து வருடம் மேடை பார்த்தவள் மாதிரி இருந்தது.

அப்புறம் காத்திருப்பு. உங்கள் டிரம்மர் பையன் சோபாவின் கைப்பிடியையே டிரம்மாக்கி வாசித்துக்கொண்டிருந்தான். பாடுகிற பெண் யாரோடும் பேசவில்லை. உதட்டைப் படபடவென்று அடித்துக்கொண்டு மெல்ல ஸ்வரம் ஏற்றி இறக்கினாள். நல்ல பழக்கம், தொண்டையை வருத்தாது. கிட்டார் பையன்தான் தவறு செய்தான். அன்று மத்தியானம் புதுத் தந்தி மாட்டியிருக்கிறான். புதுத் தந்தி இழுத்து இழுத்து நிலைக்கிற வரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். அதோடு மேடை விளக்கின் சூடு பட்டால் இன்னும் இறங்கும். அவன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் டியூனரைப் பார்த்துக்கொண்டிருந்தது அதனால்தான். முந்தின நாளே மாற்றி, கையால் நன்றாக இழுத்துவிடச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

நீ கேபிள் சுற்றிக்கொண்டிருந்தாய். ஒரு சுற்று மேலாக, ஒரு சுற்று உள்ளாக, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அப்படிச் சுற்றினால்தான் உள்ளே முறுக்கு ஏறாது, வீசினால் சிக்கில்லாமல் விரியும். முதலில் சந்தோஷமாகப் பார்த்தேன். சுற்றி முடித்து வைத்தாய். பிறகு அதை அவிழ்த்தாய். மறுபடி சுற்றினாய். மறுபடி அவிழ்த்தாய். நான்காவது தடவை உன் விரல்களைப் பார்த்தேன்.

சரி, அதை விடு. காலி ஹாலில் ஒலி குழம்புகிறது என்று நீ கவலைப்பட்டாயே, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். ஆட்கள் நிறைந்ததும் அவர்கள் உடம்பும் துணியும் அந்த எதிரொலியில் ஒரு பங்கை உறிஞ்சிவிடும். இயர்பிளக் மட்டும் மறக்காதே. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. கணக்குப் போட்டுப் பார், 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். உன் இடது காதுக்குப் பக்கத்திலேயே டிரம்மரின் சிம்பல் தட்டு இருக்கிறது. பஞ்சு மாதிரி இருக்கிற பிளக் மேல் ஸ்தாயியை அதிகமாக அமுக்கிவிடும். இசைக்காரர்களுக்கென்றே செய்தது எல்லாவற்றையும் சமமாகக் குறைக்கும், அதை வாங்கு. மறக்காதே. ஜாக்கையும் மறக்காதே.

இன்ஹேலர் பையில் இருக்கிறதா? காலாவதி தேதி பார்த்தாயா? மேடையில் புகை விடுகிறார்கள், அன்றே கவனித்தேன். உனக்கு இப்போதெல்லாம் வீசிங் வருவதில்லை என்று அம்மா சொல்கிறாள். வராமல் இருக்கட்டும். ஆனால் பச்சைப் போர்வை ராத்திரியை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்க மாட்டாய். பக்க ஜிப்பில் வை, எடுக்க வசதியாக இருக்கும்.

அந்தப் பக்க ஜிப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதியும் அங்கே வர முடியவில்லை.

ஸ்பேர் பேட்டரி வைக்கத்தான் அதைத் திறந்தேன். நம்பு. நீ அதே நேரம் உள்ளே வந்தாய். நான் "பேட்டரி வைத்திருக்கிறேன்" என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் ஜிப்பை மூடினாய். அன்றிலிருந்து போன் இல்லை. மனதில் இருப்பதை வீட்டில் சொல்லாமல் மூடி வைக்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இந்த மூன்று வாரமும் கோபமாகவே இருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அம்மாவிடம் கூடக் கத்தினேன், எதைப் பற்றி என்று சொல்லாமலே.

அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்ததுதான்.

நான் கீபோர்டு வாசித்ததும், வேலை கிடைத்ததால் விட்டதும் உனக்குத் தெரியும். "எனக்கு மேடைப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது" என்று உன் சின்ன வயதில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நீ பள்ளி விழாவுக்கு முன்னால் வாந்தி எடுத்த அன்றும் அதையேதான் சொன்னேன். இரண்டும் பொய். வேலை கிடைத்தது நான் விட்டு ஒன்றரை வருடம் கழித்து. பயம் எனக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. விரல் நுனியெல்லாம் ஐஸ் மாதிரி ஆகிவிடும். சவுண்ட் செக்கில் ஒழுங்காக வாசிப்பேன். அதற்குப் பிறகு வரும் காத்திருக்கிற நேரம்தான் என்னைத் தின்றது. எங்கள் குழுவில் ஒருவன் ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்து, "ஒரு மூடி மட்டும்" என்றான். கை நடுக்கம் நின்றுவிட்டது. அடுத்த நிகழ்ச்சிக்கு நானே வாங்கிக்கொண்டு போனேன். முதலில் மேடையேறுவதற்குச் சற்று முன்னால்தான் குடிப்பேன். பிறகு சவுண்ட் செக் முடிந்ததும். பிறகு வண்டியில் சாமான் ஏற்றும்போதே.

ஒரு நாள் பிரமாதமாக வாசித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் கிடந்தேன், அவ்வளவு சந்தோஷம். அந்த நிகழ்ச்சியை யாரோ கேசட்டில் பதிவு செய்திருந்தார்கள். அடுத்த வாரம் தனியாக உட்கார்ந்து கேட்டேன். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அரைத் தாளம் பின்னால் இருக்கிறேன். மற்றவர்கள் எனக்காக வேகத்தைக் குறைத்துக் குறைத்து வாசிக்கிறார்கள். ஒரு இடத்தில் டிரம்மரின் குரல் கேட்கிறது. "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எனக்காக எண்ணுகிறான், குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, கோபமே இல்லாமல். நிகழ்ச்சி முடிந்ததும் அவர்களில் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த ரிகர்சலுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த டிரம்மரைத் தெருவில் பார்த்தபோது எதிர்ப்பக்கம் போய்விட்டேன். கேசட்டை அழித்துவிட்டேன், ஆனால் அந்த எண்ணுகிற குரல் போகவில்லை. நீ கேபிளை நான்காவது தடவை அவிழ்த்தபோது அதுதான் எனக்குக் கேட்டது.

அன்றே உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். பேட்டரியைப் பற்றிப் பேசினேன்.

அந்த ஜிப்புக்குள் இருந்த மாத்திரை அட்டையில் பெயரைப் படித்தேன்மா. ப்ராப்ரனலால். நீ போடுவதும் நான் குடித்ததும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. தேடிப் படித்தேன். 1960களில் ஜேம்ஸ் பிளாக் என்பவர் இதய நோய்க்காக உருவாக்கியது, 1988-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்திருக்கிறது. 1987-ல் அமெரிக்காவில் சிம்பொனி இசைக்குழுக்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு 27 பேர் இந்த வகை மாத்திரையைப் பயன்படுத்தியதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் வாசித்தே பிழைக்கிறவர்கள் அவர்கள். ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயத்தின் வேகம் இதயத்தில் போய் ஏறாமல் மறிக்கிறது, கை நடுக்கம் அடங்குகிறது. புத்தி மங்குவதில்லை என்கிறார்கள். எனக்கு அன்று யாராவது கொடுத்திருந்தால் நானும் போட்டிருப்பேன்.

ஆனால் உனக்கு வீசிங் இருந்தது. இதயத்தில் மறிப்பதை அது மூச்சுக்குழாயிலும் மறிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைப் போடக்கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மூச்சு இறுகினால் நீ இன்ஹேலர் அடிப்பாய். அந்த இன்ஹேலர் மருந்து தட்ட வேண்டிய கதவு எதுவோ, அதையேதான் இந்த மாத்திரை பூட்டி வைத்திருக்கும். இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. எழுதிக்கொடுத்தது யார்? சின்ன வயதில் இருந்ததை அவரிடம் சொன்னாயா? யாரும் எழுதிக்கொடுக்காமல் நண்பர்கள் யாராவது கொடுத்ததா? திட்ட மாட்டேன். சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்து வீசிங்கைச் சொல்லிவிடு. மேடைப் பயத்துக்கு என்ன செய்யலாம் என்று அவரிடமே கேள். வேறு வழி இல்லாமல் இருக்காது. அதுவரை போடாதே. அதுவரை மட்டுமாவது.

நடுங்கினால் நடுங்கட்டும். கையைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள். குழுவில் ஒருத்தரிடமாவது சொல்லிவிடு, அந்த டிரம்மர் பையனிடம் சொல், நல்லவனாகத் தெரிகிறான். 2014-ல் வெளியான ஒரு ஆய்வைப் படித்தேன்: பாடுவதற்கு முன்னால் "பயமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறது" என்று சொன்னவர்கள் சுருதி தவறாமல் பாடினார்களாம். உனக்கு உதவுமோ என்னவோ. நான் கூடச் சொல்லிப் பார்த்தேன், இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன்னால்.

சனிக்கிழமை நாலரைக்கு வந்துவிடுவேன். வர வேண்டாம் என்றால் ஒரு வரி போடு, வரமாட்டேன், வருத்தப்படவும் மாட்டேன். வந்தால் உன் பையைத் தொடமாட்டேன். ஆம்ப் மட்டும் தூக்கிக் கொடுத்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ பேச வேண்டியதில்லை. இன்னொரு கேபிள் இருந்தால் கொடு, நானும் சுற்றுகிறேன்.

புது பேட்டரி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. ஜாக்கைக் கழற்றி வை.

அன்புடன்,
அப்பா

பி.கு.: கேசட் விஷயம் அம்மாவுக்குத் தெரியாது. நீ சொல்லிவிடாதே. இன்று ராத்திரி நானே சொல்கிறேன்.